நாற்காலியில் நோயாளி சாய்ந்துவிட்டால்: பல் மருத்துவ மாணவர்களை எப்படிப் பழக்குவது?

கேள்வியின் சாரம் இது: திருவொற்றியூரில் மூன்று நாற்காலி போட்ட ஒரு பல் மருத்துவமனை. இறுதியாண்டு பி.டி.எஸ். மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் அங்கே வந்து வேலை பழகுகிறார்கள். வாய்மொழித் தேர்வு மாதிரி கேட்டால் டாண் டாண் என்று பதில் வருகிறது. நோயாளி நிஜமாகவே மயங்கிச் சாய்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது?

பாடத்தை மறுபடி நடத்தினால் இது தீராது. இரண்டாம் ஆண்டில் மருந்தியல் படித்துவிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவம் எழுதித் தேறிவிட்டார்கள். கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மருந்து அடைத்த கண்ணாடிக் குப்பியை, அதாவது ஆம்ப்யூலை உடைத்து, அளவு பார்த்து இழுத்து, ஜீன்ஸ் போட்ட ஒருவரின் தொடையில் போடும் வரை ஒருமுறையாவது முழுதாகச் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பயிற்சி கைக்கு வேண்டும். அதுவும் அவர்கள் வேலை செய்யும் அதே அறையில், அதே நாற்காலியில், அதே மருந்துப் பெட்டியை வைத்து.

முதல் பத்து நிமிடத்தை இலக்காக வையுங்கள். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றாலோ, கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட் சாத்தியிருந்தாலோ 108 எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை அந்த நோயாளிக்கு இருப்பது அறையில் நிற்கும் இரண்டு மூன்று பேர்தான்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். முப்பது மருந்து வைத்து, அலமாரியில் பூட்டி, சாவியை மேலாளர் பையில் போட்டுக்கொண்டு போவதில் பயனில்லை. குறைவாக வைத்து எல்லோர் கைக்கும் எட்டும்படி வையுங்கள். 1 மி.கி. அட்ரினலின் ஆம்ப்யூல் குறைந்தது ஐந்து, சால்பியூட்டமால் இன்ஹேலரும் அதில் மாட்டும் ஸ்பேசர் குழலும், நாக்குக்கடியில் வைக்கும் 5 மி.கி. ஐசோசார்பைடு டைநைட்ரேட், 75 மி.கி. ஆஸ்பிரின், குளுக்கோஸ் பொடி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி., ஹைட்ரோகார்டிசோன், வலிப்புக்கு மிடசோலம். கூடவே குளுக்கோமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், பி.பி. கருவி, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆம்பு பை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுப்பது), ஆக்சிஜன். மருந்துகளை அகர வரிசையில் அடுக்காமல் 'ஒவ்வாமை', 'நெஞ்சு வலி', 'சர்க்கரை', 'மூச்சு' என்று எழுதிய கண்ணாடிக் கவர்களில் போடுங்கள். ஒவ்வாமைக் கவரில் ஆம்ப்யூல், சிரிஞ்சு, ஊசி, பஞ்சு, அளவு எழுதிய அட்டை எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். பதற்றத்தில் நான்கு இழுப்பறையைத் திறக்கும் நிலை வரக் கூடாது.

மாணவர்கள் முறை வைத்து வாரம் ஒருவராகப் பெட்டியைச் சரிபார்க்கட்டும். காலாவதித் தேதி மட்டும் பார்த்தால் போதாது. சென்னைக் கோடையில் ஏசி நிறுத்திய அறைக்குள் இரவும் ஞாயிறும் கொதிக்கும். அட்ரினலினுக்குச் சூடும் வெளிச்சமும் ஆகாது. கரைசல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் தேதி மீதி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புக்கும் தேதி உண்டு, டப்பா மூடி திறந்தே கிடந்தால் அளவு தப்பாகக் காட்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் வழக்கமாகக் காணாமல் போவது ஸ்பேனர், அதை சிலிண்டர் கழுத்திலேயே சங்கிலியில் கட்டிவிடுங்கள். 'பி' வகை சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம் வரும். முள் பாதியில் நின்றால் எவ்வளவு நேரம் வரும் என்று மாணவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். பையுள்ள மாஸ்க் என்றால், முகத்தில் வைப்பதற்கு முன் பை உப்பியிருக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

இனி அட்ரினலின். பயிற்சியில் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது இதற்குத்தான். ஆம்ப்யூலை நிமிர்த்திப் பிடித்து விரலால் சுண்டினால் கழுத்தில் நிற்கும் மருந்து கீழே இறங்கும். கழுத்தில் புள்ளி இருந்தால் அது உங்களைப் பார்த்திருக்க வேண்டும். காஸ் துணியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஒடிக்க வேண்டும். 1 அல்லது 2 மி.லி. சிரிஞ்சில் 0.5 மி.லி. இழுத்து, காற்றுக் குமிழை வெளியேற்றி, 23 கேஜ், ஒரு அங்குல ஊசியால் தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கத் தசையில் செங்குத்தாகப் போட வேண்டும். அவசரமென்றால் துணிக்கு மேலேயே போடலாம். 0.5 மி.லி. என்பது 0.5 மி.கி.; இது பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும். 6 முதல் 12 வயதுக்கு 0.3, ஆறு வயதுக்குக் கீழே 0.15. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி அதே அளவு.

தப்பு எங்கெங்கே நடக்கிறது? பக்கத்தில் இருக்கிறதே என்று இன்சுலின் சிரிஞ்சை எடுப்பார்கள். 40 யூனிட் சிரிஞ்சில் 0.5 மி.லி. என்றால் 20 கோடு, 100 யூனிட் சிரிஞ்சில் 50 கோடு. பதற்றத்தில் இந்தக் கணக்கு நிச்சயம் குழம்பும். தவிர அந்தக் குட்டி ஊசி கொழுப்போடு நின்றுவிடும், தசையைத் தொடாது. இன்னொன்று, ரத்தக்குழாய் தேடிக்கொண்டிருப்பது. 1 மி.கி. ஆம்ப்யூலை அப்படியே ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், பல் நாற்காலியில் அந்த வழியே வேண்டாம். மூன்றாவது, இருப்பதிலேயே மோசமானது: 'முதலில் ஏவில் போடுவோம், ஹைட்ரோகார்ட் போடுவோம், பார்ப்போம்' என்று காத்திருப்பது. ஏவில் போன்ற ஒவ்வாமை மருந்து அரிப்பைக் குறைக்கும், விழுந்த பி.பி.யைத் தூக்காது, அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது. ஹைட்ரோகார்ட் என்கிற ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். அட்ரினலின் போட்ட பிறகு கொஞ்சம் தெளிந்ததும் நோயாளியை எழுப்பி உட்காரவைப்பதும், ஆம்புலன்ஸ் வரை நடத்திக் கூட்டிப்போவதும் ஆபத்து. திடீரென்று நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அப்படியே உயிர் போகலாம். படுத்தபடியேதான் போக வேண்டும். மூச்சு விடச் சிரமப்படுபவர் மட்டும் காலை நீட்டி உட்காரலாம்.

காலாவதியான ஆம்ப்யூல்களைத் தூக்கிப் போடாமல், சிவப்பு மையால் 'பயிற்சிக்கு' என்று எழுதித் தனி டப்பாவில் சேருங்கள். மருந்துப் பெட்டியோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. மடித்த டவலோ ஸ்பாஞ்சோ தொடை ஆகட்டும். 'ஒவ்வாமை' என்று குரல் கொடுத்ததிலிருந்து ஊசி இறங்கும் வரை ஒரு நிமிடம், இதுதான் என் அளவுகோல். முதல் முறை யாருக்கும் வராது. நாலைந்து முறை செய்தால் வந்துவிடும்.

அடுத்தது நாற்காலி. பட்டனை அழுத்தினால் முழுக்கத் தட்டையாக எத்தனை விநாடி ஆகிறது என்று மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கரண்ட் போய், நாற்காலி நிமிர்ந்தபடியே நின்றுவிட்டால்? இதையும் ஒரு பயிற்சியாக வையுங்கள்: இரண்டு பேர், ஒருவர் அக்குளுக்குள் கை கொடுத்து, மற்றவர் முழங்காலைச் சேர்த்துப் பிடித்து, நோயாளியைத் தரையில் இறக்குவது. எட்டுக்குப் பத்து அறையில் டிராலியை எங்கே தள்ளுவது, லைட் கையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் செய்து பார்த்தால்தான் தெரியும். நாற்காலியிலேயே நெஞ்சை அழுத்துவதானால் முதுகுப் பலகைக்கு அடியில் டாக்டர் உட்காரும் ஸ்டூலை முட்டுக் கொடுத்தால் ஆட்டம் குறையும். சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது) பழகும் பொம்மையை நாற்காலியில் படுக்கவைத்து ஆழம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். மெத்தை மட்டும் அமுங்கி நெஞ்சு அமுங்காவிட்டால் தரைதான் வழி. ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம்.

இதயம் நின்றதை அடையாளம் காண்பதில்தான் பெரிய தாமதம் நடக்கிறது. நின்ற பிறகும் சிலருக்கு விட்டு விட்டு ஏங்குகிற மாதிரி மூச்சு இழுக்கும். 'மூச்சு இருக்கு டாக்டர்' என்று மாணவர் நிற்பார். தொடக்கத்தில் கை கால் வெட்டி இழுக்கவும் செய்யலாம், வலிப்பு என்று நினைத்துக் காத்திருப்பார். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டும். நாடியைத் தேடுவதற்குப் பத்து விநாடிக்கு மேல் கிடையாது. ஏங்கும் மூச்சு எப்படி இருக்கும் என்று வீடியோவில் காட்டுங்கள். வார்த்தையில் சொன்னால் புரியாது.

நாற்காலியில் அதிகம் நடப்பது சாதாரண மயக்கம். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, நெற்றியில் வியர்த்து, கொட்டாவி விட்டு, நாடி மெதுவாகிச் சாய்வார்கள். வேலையை நிறுத்தி, வாயிலுள்ள பஞ்சு, கருவி எல்லாம் எடுத்து, தட்டையாகப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிவார்கள். நிறைமாதக் கர்ப்பிணி என்றால் வலது இடுப்புக்கு அடியில் துணி மடித்து வைத்து இடப்பக்கம் சாய்க்க வேண்டும். மாணவர் மனதில் ஏற வேண்டியது ஒன்றுதான்: படுக்கவைத்து இரண்டு மூன்று நிமிடமாகியும் தெளியவில்லையென்றால் இது சாதாரண மயக்கமில்லை. சர்க்கரை பார், பி.பி. பார், நாடி பார், உடம்பில் தடிப்பைத் தேடு, 108ஐக் கூப்பிடு. கூட வந்தவர்கள் சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றப் பார்ப்பார்கள். வலிப்பென்றால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். அவர்களை மரியாதையாக வெளியே உட்காரவைப்பதையும் ஒருவர் வேலையாக ஒதுக்குங்கள்.

மயங்கியவர் யாராக இருந்தாலும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது விதியாகவே இருக்கட்டும். காலையில் சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, 'பல்லு புடுங்கப் போறோம், எதுக்குச் சாப்பிடணும்' என்று வெறும் வயிற்றோடு வந்து பதினொரு மணி வரை வரிசையில் காத்திருப்பவர்கள் நிறைய. ராயபுரம், மண்ணடிப் பக்கம் ரமலான் மாதத்தில் நோன்போடு வருபவர்களும் உண்டு. 70க்குக் கீழே, நினைவு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ரத்தக்குழாய் வழியாக 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. வரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவருக்குத் தேறிய பிறகும் சில மணி நேரத்தில் சர்க்கரை மறுபடி இறங்கும். குளுக்கோஸ் கொடுத்துத் தெளிந்ததும் பஸ் ஏற்றி அனுப்புவது பெரிய தவறு. வயிறாரச் சாப்பிடவைத்து, மருத்துவமனைக்கு அனுப்பிக் கண்காணிக்கச் சொல்ல வேண்டும்.

நெஞ்சு வலி என்றால் படுக்கவைக்க வேண்டாம், சாய்ந்து உட்காரவையுங்கள். வலிக்கு நாக்குக்கடியில் ஐசோசார்பைடு டைநைட்ரேட் வைப்போம்; ஆனால் மேல் அளவு பி.பி. 90க்குக் குறைந்தால் இந்த நாக்குக்கடி மாத்திரை கூடாது. ஆண்மைக்கான மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்க மாணவர்கள் கூச்சப்படுவார்கள். சில்டெனாஃபில் 24 மணி நேரத்துக்குள், டடாலாஃபில் 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தால் நாக்குக்கடி மாத்திரை பி.பி.யை அடியோடு விழவைக்கும். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு நேரடியாகக் கேட்கப் பழக்குங்கள். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டாலோ, இதற்கு முன் இதய நோய் இல்லாதவர் என்றாலோ, மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டு 108. ஆஸ்பிரின் ஒவ்வாதவர் இல்லையென்றால் 75 மி.கி. மாத்திரை நான்கை மென்று விழுங்கச் சொல்லலாம். மரத்துப்போகாத பக்கமாக மெல்லட்டும். ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால்தான் ஆக்சிஜன்.

மரப்பு ஊசி நம் கையால் வரும் ஆபத்து என்பதால் தனியாகச் சொல்கிறேன். 30 மி.லி. பாட்டிலிலிருந்து சிரிஞ்சில் இழுத்துப் போடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். கார்ட்ரிட்ஜ் (அளவாக மருந்து அடைத்த குழல்) என்றால் எத்தனை காலியானது என்று தட்டிலேயே தெரியும், பாட்டிலில் அந்தக் கணக்கு தெரியாது. 2 சதவீத லிக்னோகெயின் மரப்பு மருந்தில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. இருக்கிறது. 15 கிலோ குழந்தைக்குக் உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மி.கி. என்று வைத்தால் மொத்தம் 66 மி.கி., அதாவது 3.3 மி.லி. தான். 'கொஞ்சம் மரக்கல' என்று இரண்டு முறை கூடப் போட்டால் எல்லை தாண்டிவிடும். ஊசி போடுவதற்கு முன்பே உச்ச அளவைப் போர்டில் எழுதி, போடும் ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் செலுத்த வேண்டும். வாயைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், உலோகச் சுவை, பேச்சுக் குழறல் எல்லாம் எச்சரிக்கை, அடுத்தது வலிப்பு. படபடப்பும் கை நடுக்கமும் மட்டும் வந்து சில நிமிடத்தில் அடங்கினால் அது மரப்பு மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலினின் வேலை. 'எனக்குப் பல் ஊசி ஒத்துக்காது' என்பவரிடம் அன்று என்ன நடந்தது, எத்தனை நிமிடம் கழித்து, தடிப்பு வந்ததா, மருத்துவமனையில் சேர்த்தார்களா என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வலிப்பென்றால் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. வாயில் எதையும் திணிக்காமல், டிராலியைத் தள்ளி, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் பெரியவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் 10 மி.கி. மிடசோலம், மூச்சு குறையலாம் என்பதால் ஆம்பு பை கையில் இருக்கட்டும். ஆஸ்துமா இழுப்பென்றால் சால்பியூட்டமால், ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக, பத்து வரை.

ரூட் கேனால் ஃபைலோ (பல் வேரைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி) பல்லுக்கு மாட்டும் கேப்போ தொண்டையில் விழுந்தால் நோயாளியைச் சட்டென்று நிமிர்த்தாதீர்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, தெரிந்தால் மட்டும் எடுக்க வேண்டும். இருமினால் இருமவிடுங்கள். மூச்சு அடைத்துக் குரல் வரவில்லையென்றால் முதுகில் ஐந்து தட்டு, வயிற்றில் ஐந்து அழுத்தம், மாற்றி மாற்றி. பொருள் காணவில்லை, இருமலும் இல்லை என்றால் 'முழுங்கியிருப்பார்' என்று அனுப்பிவிடக் கூடாது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். எக்ஸ்ரே கட்டாயம். ரப்பர் டேமும் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு), அதைப் பிடிக்கும் கிளாம்பில் கட்டிய ஃபிளாஸ் நூலும் இருந்தால் இந்தத் தலைவலியே பெரும்பாலும் வராது.

நோயாளியின் வரலாறு கேட்பதையும் இதே பயிற்சியில் சேருங்கள். 'சுகர், பிரஷர் இருக்கா?' என்று கேட்டால் 'இல்ல' என்பார்கள். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் இருந்தால் இல்லை என்றுதான் அவர்கள் கணக்கு. 'தினமும் என்ன மாத்திரை போடுறீங்கம்மா? அட்டையைக் காட்டுங்க. இன்னிக்குக் காலைல போட்டீங்களா? என்ன சாப்டீங்க, எத்தனை மணிக்கு?' என்று கேட்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலோ வாங்கிய மாத்திரை என்றால் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இவற்றை ஆண்டுக்கு ஒருநாள் வகுப்பாக நடத்தினால் நிற்காது. பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும், கைப்பழக்கமோ சில மாதத்திலேயே தேயத் தொடங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், பத்து நிமிடம் போதும். ஊழியர் ஒருவர் நாற்காலியில் உட்காரட்டும். 'ஊசி போட்டு மூணு நிமிஷம் ஆச்சு, கழுத்தெல்லாம் அரிக்குது, மூச்சு முட்டுது டாக்டர்' என்று மட்டும் சொல்லட்டும். பி.பி. எவ்வளவு என்று மாணவர் கேட்டால் கருவியைக் கட்டிய பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒருவர் கையில் கடிகாரத்தோடு நிற்கட்டும்: உதவிக்குக் குரல் கொடுத்தது, 108க்குப் போன் போனது, ஆக்சிஜன் வந்தது, ஊசி இறங்கியது என்று நான்கு நேரம் மட்டும் குறித்தால் போதும்.

பயிற்சியில் திரும்பத் திரும்ப நடப்பது இது: மூன்று பேரும் பெட்டியிடம் ஓடுவார்கள், நோயாளி தலைமாட்டில் ஆள் இருக்காது. 'யாராவது 108க்குப் போன் பண்ணுங்க' என்பார்கள், யாரும் பண்ண மாட்டார்கள். பெயர் சொல்லியோ முகம் பார்த்தோ சொல்லவேண்டும்: 'அக்கா, நீங்க 108க்குப் பண்ணுங்க, பண்ணிட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க.' முடிந்ததும் மாணவரே முதலில் பேசட்டும், மூத்த மருத்துவர் கடைசியில் பேசட்டும். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை நிஜத்திலும் குரல் கொடுக்கத் தயங்குவார்கள். ஒரு தடவையாவது மூத்த மருத்துவரே நோயாளியாக உட்கார்ந்துவிடுங்கள், அப்போதுதான் அவர் இல்லாதபோது யார் பொறுப்பெடுப்பார் என்பது தெரியும்.

போன் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள்: முழு முகவரி, அடையாளம், பக்கத்து மெயின் ரோடு, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா. ஒரே தெருப்பெயர் பல பேட்டையில் இருப்பதால் பேட்டைப் பெயரை முதலில் சொல்ல வேண்டும். சந்துக்குள் வண்டி நுழையாது என்றால் ஒருவர் மெயின் ரோட்டில் போய் நிற்க வேண்டும், வாசலில் நிற்கும் பைக்குகளை நகர்த்த வேண்டும். ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கொடுக்க அரைப் பக்கச் சீட்டு ஒன்று தயாராக இருக்கட்டும்: என்ன சிகிச்சை நடந்துகொண்டிருந்தது, எந்த மரப்பு மருந்து எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு என்ன ஆனது, அட்ரினலின் போட்ட நேரமும் அளவும், சர்க்கரை, பி.பி., ஆக்சிஜன் எண்கள். நோயாளியின் மாத்திரை அட்டையும் அதோடு போக வேண்டும். வாயில் ரத்தம் கசியும் இடம் இருந்தால், உள்ளே வைத்த பஞ்சு எத்தனை என்பதையும் எழுதி, பயிற்சி மருத்துவர் ஒருவர் அதே வண்டியில் ஏறிப் போகட்டும்.